முதலில் சுரண்டிப் பாருங்கள்

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் குளத்துப் படிகளில் காலை வெயில் முதலில் விழும் மூலை ஒன்று உண்டு. துலாவர்ஷ மழை ஓய்ந்த மார்கழியில் அந்த மூலைதான் செம்பி என்ற தெருநாயின் இடம். அரை நிமிடம் படுக்கும், எழுந்து பின்னங்காலால் விலாவைச் சொறியும், கல்படியில் முதுகைத் தேய்க்கும், மறுபடி படுக்கும். இரண்டு காதுகளின் விளிம்பிலும் முடி உதிர்ந்து, காய்ந்த சோற்றுப் பருக்கை ஒட்டியதுபோல் மஞ்சள் பொருக்கு கட்டியிருந்தது. முழங்கைகள் மொட்டை. அடிவயிறெங்கும் சிவப்புப் புள்ளிகள். கோயிலுக்குப் போகிற மாமி ஒருவர் என்னைப் பார்த்து, "கிட்டப் போகாதேங்கோ, பேப்பட்டியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனார். பேப்பட்டி என்றால் இங்கே வெறிநாய்.

அதே மார்கழியில் எங்கள் வீட்டுக் கருப்பனுக்கும் முடி கொட்டிக்கொண்டிருந்தது. ஐந்து வயது, லாப்ரடார் கலப்பு. கண்ணைச் சுற்றி வட்டமாக, பிறகு முன்னங்கால்களில் திட்டுத் திட்டாக, பிறகு மார்பில். தெருவில் போகிறவர்கள் இரண்டு நாய்களையும் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: சொறி. ஒன்று தெருவில் பிடித்துக்கொண்டது, இன்னொன்றுக்கு அதனிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று பக்கத்து வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். உண்மையில் இரண்டும் வேறு வேறு நோய். இரண்டுக்கும் காரணமான பூச்சி வேறு, அது தோலுக்குள் குடியிருக்கும் இடம் வேறு, வந்த வழி வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஒட்டியிருக்கவே முடியாது. இது எனக்குத் தெரிய மூன்று மாதமும், கருப்பனின் பாதி உடம்பு முடியும் செலவாயின. அந்தச் செலவு இன்னொரு வீட்டுக்கு வேண்டாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சொறி ஓர் அறிகுறியின் பெயர். காய்ச்சல் என்று சொன்னால் டெங்குவா டைபாய்டா என்று தெரியாததுபோல, நாய்க்குச் சொறி என்று சொன்னால் ஒன்றுமே தெரிவதில்லை. அதன் பின்னால் ஒரு டஜன் நோய்கள் நிற்கின்றன: சர்கோப்டிஸ், டெமோடெக்ஸ், காது உண்ணி, தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை, உண்ணிக் கடி, பாக்டீரியாப் புண், ஈஸ்ட், படை, தூசு ஒவ்வாமை, உணவு ஒவ்வாமை, தைராய்டு குறைவு, அட்ரினல் சுரப்பிக் கோளாறு. வெளியில் எல்லாம் ஒரே முகம்தான் காட்டும். முடி உதிரும், தோல் சிவக்கும், பிறகு கறுத்துத் தடிக்கும், நாற்றம் வரும். பெயர்களே நம்மைக் குழப்புகின்றன. தமிழில் உண்ணி என்றால் இரத்தம் குடிக்கிற பூச்சி. மலையாளத்தில் உண்ணி என்றால் கொஞ்சலாகக் குழந்தை. அதனால் இங்கே அந்தப் பூச்சியைப் பட்டுண்ணி என்பார்கள். நம் தெள்ளு இவர்களுக்குச் செள்ளு. இவை இரண்டும் கண்ணுக்குத் தெரிவதால் இரண்டு மொழியிலும் பெயர் இருக்கிறது. தோலுக்குள் வாழும் நுண்ணுண்ணிக்கு, டாக்டர்கள் மைட் என்று சொல்வதற்கு, பேச்சு வழக்கில் பெயரே இல்லை. பெயர் இல்லாததால் அதையும் சொறிக்குள்ளேயே போட்டுவிட்டோம்.

செம்பிக்கு வந்தது சர்கோப்டிஸ். பெண் பூச்சி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. உருண்டை உடம்பு, கட்டைக் கால்கள். தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டிக்கொண்டே போகும், போகிற வழியில் நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடும். முட்டை பொரிந்து, வளர்ந்து, அடுத்த தலைமுறை முட்டையிட இரண்டு மூன்று வாரம் போதும். நாயின் உடல் அந்தப் பூச்சிக்கும் அதன் எச்சத்துக்கும் எதிராகக் கொதித்தெழுவதால் வருவதே அந்தத் தாங்க முடியாத அரிப்பு. தூங்கவிடாது, தின்னவிடாது. செம்பி ஒட்டிப்போனதற்குப் பசி மட்டும் காரணமில்லை, தூக்கமில்லாததும்தான். முடி அடர்த்தியில்லாத இடங்களைத்தான் இந்தப் பூச்சி தேடும்: காது விளிம்பு, முழங்கை, பின்னங்கால் முட்டி, அடிவயிறு. முதுகின் நடுப்பகுதி பெரும்பாலும் தப்பிவிடும்.

கால்நடை மருத்துவர்கள் செய்கிற எளிய சோதனை ஒன்றை நானும் கற்றுக்கொண்டேன். நாயின் காது மடல் நுனியை மடித்து, காதின் அடிப்பகுதியோடு சேர்த்து ஐந்து விநாடி மெல்லத் தேய்க்க வேண்டும். சர்கோப்டிஸ் இருந்தால் அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகவே காற்றில் சொறியத் தொடங்கும். செம்பியின் காதைத் தேய்த்தபோது கால் மட்டுமல்ல, இடுப்பே ஆடியது. இந்த நோயுள்ள நாய்களில் பெரும்பாலானவற்றில் இப்படி நடக்கும். இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்றாலும், சந்தேகம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று இது காட்டிவிடும்.

மனித வரலாற்றில் இந்தப் பூச்சிக்குத் தனி இடம் உண்டு. 1687-இல் இத்தாலியில் போனோமோ என்ற மருத்துவரும் செஸ்தோனி என்ற மருந்தாளரும் சேர்ந்து, மனிதச் சிரங்குக்குக் காரணம் கெட்ட இரத்தமல்ல, தோலுக்குள் இருக்கும் ஒரு நுண்ணிய உயிரிதான் என்று படம் வரைந்து எழுதினார்கள். ஒரு நோய்க்குக் கண்ணுக்குத் தெரியாத உயிரியைக் காரணமாகக் காட்டிய மிக ஆரம்பச் சான்றுகளில் அது ஒன்று. முந்நூறு ஆண்டுக்கு மேலாகியும், எங்கள் தெருவில் செம்பியின் நோய்க்குச் சூடு, இரத்தக் கெடுதல், மீன் தலை தின்றது என்றே காரணம் சொல்கிறார்கள்.

நாயின் சர்கோப்டிஸ் மனிதருக்குத் தாவும். முன்கையிலும் வயிற்றிலும் சிறு கொப்புளங்கள் வந்து இரவெல்லாம் அரிக்கும். ஆனால் நாயின் வகைப் பூச்சி மனிதத் தோலில் தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்க முடியாது. நாயைக் குணப்படுத்தினால் மனிதருக்கும் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். மனிதச் சிரங்கு வேறு வகைப் பூச்சியால் வருவது. அது மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவுகிறது.

கருப்பனுக்கு வந்தது டெமோடெக்ஸ். வடிவத்திலேயே வேறு ஆள். கால் மில்லிமீட்டர் நீளம், சுருட்டு மாதிரி நீண்ட உடம்பு, முன்பக்கம் எட்டுக் குட்டைக் கால்கள். இது தோண்டாது, மயிர்க்கால் குழிக்குள் தலைகீழாக வசிக்கும். எந்த நாயின் தோலிலும் கொஞ்சம் இருக்கும். நம் முகத்திலும் இதன் உறவுக்காரப் பூச்சிகள் இருக்கின்றன. பிறந்த முதல் சில நாட்களில், பால் குடிக்கும்போது தாயின் தோலிலிருந்து குட்டிக்கு வந்து சேர்வது இது. பிறகு ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும். நாயின் எதிர்ப்புச் சக்தி அதன் எண்ணிக்கையை அடக்கி வைத்திருக்கும்வரை எந்தத் தொந்தரவும் இல்லை. அந்தக் காவல் தளர்ந்தால் பெருகும், மயிர்க்கால் வெடிக்கும், புண்ணாகும்.

குட்டிகளில் முகத்திலும் முன்னங்காலிலும் ஒன்றிரண்டு திட்டு வந்தால் பத்தில் ஒன்பது தானாகவே ஆறிவிடும், மருந்தே தேவையில்லை. உடம்பு முழுக்கப் பரவினால் பரம்பரைக் குறை இருக்கலாம். அந்த நாயைக் கொண்டு குட்டி போட வைக்கக் கூடாது. விற்பனைக்காக இனப்பெருக்கம் செய்கிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. வயது வந்த நாய்க்குத் திடீரென்று டெமோடெக்ஸ் பெருகினால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதன் எதிர்ப்புச் சக்தியை அடக்கியது எது? தைராய்டா, அட்ரினல் சுரப்பியா, புற்றுநோயா, அல்லது யாரோ கொடுத்த மருந்தா?

கருப்பனுக்கு அது மருந்து. ஆவணியிலிருந்து பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தான் என்று ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். தொட்டுப் பார்க்காமல், "அலர்ஜி" என்று ஓர் ஊசி. மறுநாளே நக்குவது நின்றது. மூன்று வாரத்தில் திரும்ப வந்தது; மறுபடி ஊசி. மூன்றாம் முறை நானே கேட்டு வாங்கிப் போட்டேன், அதுதான் இன்றும் உறுத்துகிறது. அது நீண்ட நாள் வேலை செய்கிற ஸ்டீராய்டு ஊசி. அரிப்பை அடக்கியது உண்மை. அதோடு, மயிர்க்கால்களுக்குள் கோடுபோட்டுக் காவல் காத்துக்கொண்டிருந்த எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிட்டது. அந்த மூன்று மாதத்தில் ஒரு முறையாவது யாராவது பிளேடு எடுத்துத் தோலைச் சுரண்டிப் பார்த்திருந்தால் கதையே வேறு.

அந்தச் சுரண்டலை நான் பக்கத்திலிருந்து பார்த்தது நகரத்தின் வேறு மூலையில், வேறொரு மருத்துவரிடம். மழுங்கலான அறுவைப் பிளேடின் விளிம்பில் ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின். கருப்பனின் முன்னங்காலில் திட்டின் ஓரத்தை இரண்டு விரலால் இறுகப் பிதுக்கினார், குழிக்குள் இருப்பது மேலே வருவதற்காக. முடி வளரும் திசையிலேயே, பொறுமையாக, சிவப்பாக இரத்தம் கசியும்வரை சுரண்டினார். சுரண்டியதை எண்ணெயோடு கண்ணாடி ஸ்லைடில் தடவி, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, மைக்ராஸ்கோப்பின் மிகக் குறைந்த பெரிதாக்கத்தில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். மஞ்சள் வெளிச்சத்தில் முடித் துண்டுகளுக்கு நடுவே சுருட்டுச் சுருட்டாக, காலை அசைத்துக்கொண்டு. ஒரு பார்வைப் பரப்பிலேயே பதினொன்று எண்ணினேன். மொத்தம் ஆறேழு நிமிட வேலை. செலவு ஓர் ஊசியின் விலையை எட்டாது.

செம்பியைச் சுரண்டும் முறை நேர் எதிர். அங்கே ஆழம் தேவையில்லை, பரப்புதான் வேண்டும். காது விளிம்பிலும் முழங்கையிலும், சொறிந்து புண்ணாக்காத புதிய இடத்தில், அகலமாகப் பல இடங்களில் சுரண்ட வேண்டும். அப்படியும் பாதிக்கு மேற்பட்ட நாய்களில் பூச்சி கண்ணில் படாது. ஏனென்றால் மிகச் சில பூச்சிகளே போதும் ஒரு நாயைத் தவிக்கவைக்க. ஆகவே டெமோடெக்ஸில் சுரண்டலின் பதிலை நம்பலாம். சர்கோப்டிஸில் 'இல்லை' என்ற பதிலை நம்பக் கூடாது. காதுச் சோதனையும், அரிப்பின் இடமும், கூட இருக்கிற நாய்களுக்கும் ஆட்களுக்கும் அரிப்பு உண்டா என்பதும் சேர்ந்து சந்தேகம் வலுத்தால் மருந்து கொடுத்துப் பார்ப்பதே முறை. செம்பிக்கு மூன்றாவது ஸ்லைடில் ஒரே ஒரு பூச்சி, பக்கத்தில் இரண்டு முட்டை.

மருந்தின் கதைக்கு வருவோம். நம் ஊர்ப்பக்கம் ஒரு தலைமுறைக்கு முன்பு நாய்ச் சொறிக்கு மருந்து என்றால் கந்தகம், பென்சில் பென்சோயேட், காமாக்ஸின் பொடி. ஆட்டோ ஸ்டாண்டுகளில் இன்றும் பயன்படுத்திக் கழித்த எஞ்சின் ஆயிலைத் தெருநாய்மேல் ஊற்றுகிறார்கள், நல்லது செய்கிற எண்ணத்தோடு. நாய் அதை நக்கித்தான் சுத்தம் செய்துகொள்ளும். அந்த எண்ணெயில் இருக்கும் உலோகங்களும் இரசாயனங்களும் வயிற்றுக்குள் போகும். மண்ணெண்ணெயும் பினாயிலும் அப்படியே, தோலை வேகவைத்துவிடும். வேப்பெண்ணெயை இந்த வரிசையில் வைக்க எனக்கு மனமில்லை, அதற்குப் பூச்சிகளைத் துரத்தும் குணம் கொஞ்சம் உண்டு. ஆனால் மயிர்க்கால் குழிக்குள்ளும் தோல் சுரங்கத்துக்குள்ளும் இருப்பதை அது தீர்த்ததாக நான் பார்த்ததில்லை. தேங்காய் எண்ணெய் விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களிடம் வாதாட முடியாது. என்றாலும் ஈஸ்ட் பிடித்த தோலுக்கு அந்தப் பிசுக்கு உரம்.

அடுத்து வந்தது அமிட்ராஸ். தண்ணீரில் கலக்கி நாயை முக்கியெடுக்கும் மருந்து. 12.5 சதவீதக் கரைசலை லிட்டருக்கு 2 முதல் 4 மில்லி கலந்து, கழுவாமல் காற்றிலேயே உலரவிட வேண்டும். இடவப்பாதி என்னும் ஜூன் மழையில் ஒரு பெரிய நாயை எப்படி உலர்த்துவது? அளவு கூடினால் நாய் மயங்கும், இதயத் துடிப்பு குறையும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும். சர்க்கரை வியாதிக்காரர்களும் ஆஸ்துமாக்காரர்களும் அதைக் கையாளாமல் இருப்பது நல்லது. பூனை இருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை.

ஐவர்மெக்டின் வந்தபின் எல்லாம் மாறியது. ஜப்பானில் கவானா என்ற கடலோர ஊரின் மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரியிலிருந்து, அமெரிக்காவில் வில்லியம் கேம்ப்பெல் குழு உருவாக்கிய மருந்து அது; 1981 முதல் கால்நடைகளுக்கு விற்பனை, 2015-இல் இருவருக்கும் நோபல். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வரமாக வந்தது. நாய்க்கு அதைக் கொடுப்பதில்தான் கணக்கு வேண்டும். கடைகளில் கிடைக்கும் 1 சதவீத ஊசி மருந்தின் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. பத்துக் கிலோ நாய்க்கு ஒரு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் என்றால் 0.3 மில்லிதான் தேவை. கண்ணால் பார்த்து 'ஒரு மில்லி ஏத்து' என்றால் மூன்று மடங்குக்கும் மேல். கோலி போன்ற மேய்ப்பு இன நாய்களில் ஒரு மரபணுக் குறை உண்டு. மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் வாசல்காரப் புரதம் அவற்றில் வேலை செய்யாது. 2001-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இது கண்டறியப்பட்டது. அந்த நாய்களுக்குச் சாதாரண அளவே நஞ்சு: தள்ளாடும், எச்சில் ஒழுகும், கண் தெரியாமல் போகும், நினைவிழக்கும். தெருநாயின் பாட்டனார் யார் என்று யாருக்குத் தெரியும்?

கேரளத்தில் இதற்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கொசு பரப்பும் டைரோஃபிலேரியா என்ற நூல்புழு இங்கே நாய்களில் சகஜம்; மனிதர் கண்ணில் அந்தப் புழு கிடைத்த செய்திகள் இந்த மாநிலத்திலிருந்து தொடர்ந்து வருகின்றன. இரத்தத்தில் அதன் குஞ்சுகள் நிறைந்திருக்கும் நாய்க்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் அவை ஒரேயடியாகச் செத்து நாய் அதிர்ச்சிக்குள் போகக்கூடும். ஒரு சொட்டு இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு ஊசியை எடுப்பது இந்த ஊரில் கட்டாயம் என்றே நான் சொல்வேன்.

2013-க்குப் பிறகு வந்த ஐசாக்சசோலின் குடும்பம், அதாவது நெக்ஸ்கார்ட், பிராவெக்டோ, சிம்பாரிகா என்று கடைகளில் கேட்கிற மாத்திரைகள், இந்தத் துறையின் முகத்தையே மாற்றிவிட்டன. உண்ணிக்கும் தெள்ளுக்கும் என்று வந்தவை, சர்கோப்டிஸையும் டெமோடெக்ஸையும் சேர்த்துத் தீர்க்கின்றன. முக்குவதும் இல்லை, ஊசியும் இல்லை. எடைக்கேற்ற ஒரு மாத்திரை, ஒரு மாதமோ மூன்று மாதமோ வேலை செய்கிறது. 2018-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், சில நாய்களில் இவை வலிப்பை உண்டாக்கக்கூடும் என்று எச்சரித்தது. வலிப்பு வரலாறு உள்ள நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. விலைதான் உண்மையான தடை. எடை கூடக் கூட ஒரு மாத்திரை ஆயிரம் ரூபாயையும் தாண்டும்.

டெமோடெக்ஸில் முடி வளர்ந்துவிட்டது என்று மருந்தை நிறுத்துவது அடுத்த தவறு. முடி முதலில் வளரும். பூச்சி கடைசியில்தான் போகும். மாதம் ஒருமுறை சுரண்டி, அடுத்தடுத்து இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை என்று வந்த பிறகுதான் நிறுத்தலாம்.

மற்றவற்றில் சிலதை வேகமாகச் சொல்லிவிடலாம். தெள்ளுப்பூச்சியை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியும்: வாலடியில் பேன் சீப்பால் வாரி, வருகிற கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். தாளில் செங்காவி நிறம் பரவினால் அது மண் இல்லை, தெள்ளின் எச்சம், செரித்த இரத்தம். நாய்மேல் இருப்பது மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குதான். மீதி முட்டையும் புழுவும் கூடுமாகப் பாயிலும் தரை இடுக்கிலும் இருக்கும். உண்ணியும் அப்படியே, சுவர் வெடிப்பிலும் கதவுச் சட்டத்திலும் ஏறி ஒளியும். ஒரு தாய் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உண்ணியைத் தோல் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது. எர்லிக்கியா, பபேசியா என்ற இரத்த நோய்களை அது ஏற்றிவிடும். சோர்வு, காய்ச்சல், மூக்கில் இரத்தம் என்றால் அன்றே இரத்தப் பரிசோதனை. காதுக்குள் காப்பித் தூள் போன்ற கறுப்பு அழுக்கு, தலையை உதறல் என்றால் காது உண்ணியாக இருக்கலாம். குட்டிகளுக்கும் பூனைகளுக்கும் அதிகம்.

ஈஸ்டைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருவனந்தபுரம் அதற்காகவே அமைந்த ஊர் மாதிரி. ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று, நடுவிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. கிழக்கேகோட்டைப் பகுதியில் தண்ணீர் நிற்கும் நாட்களில் நாயைத் தெருவில் நடத்திவிட்டு வந்தால் விரலிடுக்கு மணிக்கணக்கில் நனைந்தே இருக்கும். மலசீசியா என்ற ஈஸ்ட் எந்த நாயின் தோலிலும் உண்டு. ஈரமும் பிசுக்கும் கிடைத்தால் பெருகும். அக்குள், தொடை இடுக்கு, கழுத்தடி, விரலிடுக்கு. புளித்த மாவு வாடை. தோல் கறுத்து யானைத் தோலாக மடியும். இதைக் கண்டுபிடிக்கப் பிளேடுகூட வேண்டாம். செலோடேப் துண்டை ஒட்டி எடுத்து நீலச் சாயத்தில் முக்கிப் பார்த்தால் கடலைக்கொட்டை வடிவத்தில் தெரியும். மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்பு, வாரம் இரண்டு முறை. நுரையைப் பத்து நிமிடம் தோலிலேயே வைத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காமல் கழுவிவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்கிறோம். நாயின் மேல்தோல் மூன்று முதல் ஐந்து அடுக்கு செல்கள்தான். நம்முடையது பத்துக்கு மேல். அமிலத்தன்மையும் வேறு. ஆகவே நம் சோப்பு அதற்கு ஆகாது, தினசரிக் குளியல் அறவே ஆகாது.

படை என்பது பூஞ்சை. வட்டமாக முடி உதிரும், ஓரம் செதிளாக இருக்கும். வீட்டில் குழந்தைகளுக்கும் தொற்றும். மண்ணைத் தோண்டும் நாய்க்கு மூக்கிலும் பாதத்திலும் வரும் ஒரு வகையும், பூனையிடமிருந்து வரும் ஒரு வகையும் உண்டு. பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அந்தப் பொறுமை இல்லாமல்தான் மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கிற மூன்று மருந்துக் கலப்புக் களிம்பை வாங்கித் தடவுகிறோம். அதில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் இருக்கும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. காரணம், இந்தியா முழுக்க மனிதரிடமே அடங்காத படை பரவிக்கொண்டிருந்தது. நாய்க்கும் அதே களிம்பு அதே கெடுதலைத்தான் செய்யும், அதோடு அது நக்கவும் செய்யும்.

பாக்டீரியாப் புண் பெரும்பாலும் தனியாக வராது. பூச்சியோ ஒவ்வாமையோ திறந்துவிட்ட வாசலில் நுழையும். சீழ்க்கொப்புளம், உடைந்த பின் வட்டமான செதிள் வளையம், அடர்முடி நாய்களில் ஓரிரவில் தோன்றும் ஈரமான 'ஹாட் ஸ்பாட்'. ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்து நிறுத்தி, மறுமாதம் இன்னொன்று மாற்றி என்று போனதால் பல மருந்துகளுக்கும் மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் இன்று நாய்களிலும் வந்துவிட்டது. மேல்புண்ணுக்குக் குளோர்ஹெக்சிடின் குளியலே பல நேரம் போதும்.

கருப்பனின் அடிப்படை நோய் என்னவென்று இத்தனைக்கும் பின்னால்தான் தெரிந்தது: தூசு ஒவ்வாமை. மெத்தையிலும் சோபாவிலும் வாழும் தூசு உண்ணியின் எச்சத்துக்கு அவன் உடல் காட்டும் எதிர்ப்பு. பாதம், முகம், அக்குள், காது என்று அரிக்கும். லாப்ரடார், பக், கோல்டன் ரிட்ரீவர் வகைகளில் அதிகம். இதற்கு முற்றான குணம் இல்லை, நிர்வாகம்தான் உண்டு. அரிப்பை அடக்க ஸ்டீராய்டு அல்லாத ஒக்லாசிடினிப் போன்ற மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் அதற்கும் டெமோடெக்ஸ் பெருக்கும் ஆபத்து உண்டென்று அதன் தயாரிப்பாளரின் குறிப்பே சொல்கிறது. எந்தக் கதவில் நுழைந்தாலும் முதல் படி அதே சுரண்டல்தான். உணவு ஒவ்வாமை எண்ணிக்கையில் குறைவு. அதிலும் குற்றவாளி புதிதாகக் கொடுத்த மீன் அல்ல, பல மாதமாகத் தின்று பழகிய கோழியோ மாட்டிறைச்சியோ பாலோதான். உறுதிப்படுத்த எட்டு வாரம் வேறொரு புரதம் மட்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட் போட்டாலும் கணக்கு முதலிலிருந்து. உப்புப் போட்டால் முடி கொட்டும் என்பது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பொதுவான நம்பிக்கை. சோற்றில் இருக்கும் சிட்டிகை உப்பால் நாய்க்குச் சொறி வராது.

இனி செம்பியைப் போன்றவற்றின் நிலை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் சுமார் 2.9 லட்சம் தெருநாய்கள். 2022-இல் கடிகளும் ரேபிஸ் மரணங்களும் மாநிலத்தை உலுக்கியபோது, முடி உதிர்ந்த நாய்கள்தான் முதலில் அடி வாங்கின, பார்க்கவே பயமாக இருக்கின்றன என்பதால். சொறிக்கும் வெறிக்கும் தொடர்பு கிடையாது. சொறி தோலில் தெரியும் அறிகுறி. ரேபிஸ் நரம்பில் இருக்கும் வைரஸ், நல்ல முடியோடு பளபளப்பாக இருக்கும் நாயிடமும் வரும். ஆகவே எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

திருவனந்தபுரம் மாநகராட்சிக்குப் பேட்டையிலும் வண்டித்தடத்திலும் கருத்தடை மையங்கள் உண்டு. 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, பிடித்த நாயைக் கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அடையாளத்துக்குக் காதில் ஒரு வெட்டு. யோசித்துப் பாருங்கள்: பிடிப்பதுதான் மிகக் கடினமான வேலை, அது முடிந்துவிட்டது, நாய் மயக்கத்தில் கிடக்கிறது, கத்தியும் கையுறையும் அங்கேயே இருக்கின்றன, வெட்டப்படும் அந்தக் காது விளிம்புதான் சர்கோப்டிஸின் முதல் இருப்பிடம். அங்கே இன்னும் இரண்டு நிமிடம் செலவிட்டு ஒரு சுரண்டல், தேவைப்பட்டால் எடைக்கேற்ற ஒரு மாத்திரை. பல நாய்களைச் சில நாள் நெருக்கமாக அடைத்து வைக்கும் இடத்தில் இது கருணைக்காக மட்டுமல்ல; ஒன்றிலிருந்து பத்துக்குப் பரவி, பத்தும் பத்துத் தெருவுக்குத் திரும்பாமல் இருப்பதற்கும்தான். சோதனை செய்யும் அறிவும் வசதியும் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல: குடப்பனக்குன்னில் பல்துறை மிருகாஸ்பத்திரி, நெடுமங்காடு தாண்டிப் பாலோடில் மாநில விலங்கு நோய் ஆய்வு நிலையம். முன்பு தெருநாய்க்கு மருந்து சாத்தியமில்லை என்றது நியாயம். வாரம் ஒருமுறை யார் பிடித்து முக்குவது? ஒரே மாத்திரையை மீன் துண்டுக்குள் வைத்துக் கொடுக்கலாம் என்றான பிறகும் அதையே சொல்வது நியாயமில்லை.

செம்பிக்கு அப்படித்தான் கொடுத்தோம், மருத்துவர் எடையைக் குத்துமதிப்பாகக் கணித்து, இரத்த ஸ்லைடும் பார்த்த பிறகு. மத்தி மீனுக்குள் மாத்திரை. முதல் முறை மீனைத் தின்று மாத்திரையைத் துப்பியது. இரண்டாம் முறை அவித்த முட்டையின் மஞ்சள் கருவுக்குள். பத்தாம் நாள் காலையில் அது படியில் தூங்கிக்கொண்டிருந்தது. சொறியாமல், காலை நீட்டி, வாய் லேசாகத் திறந்து. நான் பக்கத்தில் போய் நின்றும் எழவில்லை.

தை கடைசியில் செம்பியின் காது விளிம்பில் பொருக்கு உதிர்ந்து, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் செம்பட்டைப் பூமுடி வந்திருந்தது. மாமி கோயிலிலிருந்து வந்து, இது அதே நாயா என்று கேட்டார். கருப்பனுக்கு இன்னும் மருந்து நிற்கவில்லை. மாசியில் சுரண்டியபோது ஸ்லைடில் இரண்டே பூச்சி, இரண்டும் அசையவில்லை. பங்குனியில் ஒன்றுமில்லை. அடுத்த ஸ்லைடு சித்திரை முதல் வாரம்.